'பாஸ், அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாமா?'

கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வழியாக இறங்கி வரும் ஏ21 வீதி, அவிசாவளை – ஹட்டன் ஏ7 வீதியைத் தொடும் இடம் கரவனெல்ல. ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்கு ரயில் அவிசாவளையைத் தாண்டி யட்டியாந்தோட்டை வரை ஓடியது. 1942இல் அந்தப் பகுதிப் பாதை கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் வீதிதான் எல்லாமே. பிள்ளை பாடசாலைக்குப் போகவும், நோயாளியை ஆதார வைத்தியசாலையில் சேர்க்கவும், அவிசாவளையில் ஒரு சாமான் வாங்கவும் ஏதாவதொரு வண்டி வேண்டும். அந்த வண்டி நின்றுவிட்டால் வீட்டின் பாதி வேலை நின்றுவிடும்.

வண்டிக்கு உடம்பு சரியில்லை என்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கித்துல்கலைக்கு அப்பால் உள்ள ஏற்றம். அதுவரை ஆற்றோரமாகச் சிரமமில்லாமல் வந்த பாதை, கினிகத்தேனையை நோக்கி வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. எக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் கார் இழுக்க மறுக்கிறது. டாஷ்போர்டில் 'செக் எஞ்சின்' மஞ்சள் விளக்கு எரிகிறது. திரும்பி வந்து கராஜில் ஸ்கேனரைச் செருகினால் திரையில் பி0420 என்று ஒரு குறியீடு. அடுத்து வரும் ஆலோசனை நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கன்வெர்ட்டர் போய்விட்டது, கழற்றி வெறும் பைப் போட்டுவிடலாம், வண்டி நன்றாக இழுக்கும், பெற்றோலும் மிச்சம், பழைய பெட்டிக்குக் கையில் காசும் கிடைக்கும்.

மாதக் கடைசியில் இருக்கும் ஒருவருக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு இருக்க முடியாது. ஆனால் இதில் சொல்லப்படுவதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், உரிமையாளருக்கு உண்மையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

கெட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில் இருக்கும் துருப்பிடிக்காத உருக்குப் பெட்டி. பல கார்களில் இரண்டு இருக்கும்: ஒன்று எஞ்சினோடு ஒட்டி, மற்றது தரைக்கு அடியில். உள்ளே தேனடை போன்ற செராமிக் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் 400 அளவுக்கு நுண்துளைகள். அந்தத் துளைகளின் சுவரில் அலுமினா, சீரியா பூச்சு. பூச்சின்மேல் மிக மெல்லியதாகத் தெளித்த பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய மூன்று அரிய உலோகங்கள். மூன்றையும் சேர்த்தால் சில கிராம்தான். பெட்டி ஏறக்குறைய 300 பாகை செல்சியஸுக்குச் சூடேறியதும் வேலை தொடங்குகிறது. உயிரைக் குடிக்கும் காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகிறது. எரியாமல் வந்த ஐதரோகாபன்கள் நீராவியும் காபனீரொட்சைட்டுமாகின்றன. நைதரசன் ஒட்சைட்டுகள் பிரிந்து, காற்றில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண நைதரசனாகின்றன. ஆரோக்கியமான பெட்டி இந்த மூன்று நச்சுகளிலும் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும்.

இதன் பின்னால் நீண்ட கதை உண்டு. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியியலாளர் யூஜின் ஹூட்ரி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தைக் கண்டு 1950களிலேயே இந்த வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் அன்றைய பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்தால் ஊக்கி செத்துப்போகும். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கிய பிறகே 1975ஆம் ஆண்டு மொடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. மூன்று நச்சுகளையும் ஒரே பெட்டியில் பிடிக்கும் முறையை, ஒட்சிசன் சென்சரோடு சேர்த்து, கலிபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் முதலில் பூட்டியது வொல்வோ. 1977 மொடல் அது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெற்றோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலை நிறுத்தியது. 2003இல் வாகனப் புகைக்கான தரங்கள் வர்த்தமானியில் வந்தன. 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவை என்றாயிற்று.

நகரத்துக் காற்றுக்காக இத்தனை நாடுகள் இத்தனை ஆண்டு போராடிப் பூட்டிய ஒன்றைத்தான் அரை மணித்தியாலத்தில் அறுத்து எடுக்கிறார்கள்.

ஏன் எடுக்கிறார்கள்? முதல் காரணம், உள்ளே இருக்கும் உலோகம். 2021 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் ரோடியம் 29,000 டொலரைத் தாண்டியது. அந்தக் காலத் தங்க விலையைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். உலகின் பலேடியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. யுக்ரேன் போர் தொடங்கியதும் அதன் விலை 2022 மார்ச் 7ஆம் திகதி 3,400 டொலரைக் கடந்து, இதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதே நாளில்தான் இலங்கை மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியது. டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதங்களில் 360ஐ எட்டியது. உலகச் சந்தையில் உலோகமும் உள்ளூரில் டொலரும் ஒரே நேரத்தில் ஏறியதால், இங்கே ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஜப்பான் காரின் அடியிலும் இருந்த சில கிராம் பொருளின் ரூபாப் பெறுமதி திடீரென்று எகிறியது. பெட்டியைச் சுமந்த காரின் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. பழைய பெட்டிகளை வாங்கித் திரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு விலைகள் வெகுவாக இறங்கிவிட்டன. 2023 முடிவில் பலேடியம் ஏறக்குறைய 1,000 டொலர்தான். ஆனாலும் 'பெட்டிக்கு நல்ல காசு' என்ற பேச்சு இன்னும் இறங்கவில்லை.

உலோக ஆசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு சாட்சி. அங்குள்ள தேசிய காப்புறுதிக் குற்றப் பணியகத்தின் கணக்கில் 2018இல் 1,298 ஆக இருந்த கன்வெர்ட்டர் திருட்டு, 2020இல் 14,433 ஆயிற்று. 2022 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் 21 பேர் மீது வழக்குப் பதிந்தபோது, நியூ ஜெர்சியைச் சேர்ந்த டிஜி ஆட்டோ என்ற நிறுவனம் மட்டும் 54 கோடி டொலருக்கு மேல் பெறுமதியான உலோகத் தூளை ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு விற்றிருக்கிறது என்று நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. திருடர்களுக்கு மிகப் பிடித்த கார் டொயோட்டா பிரியஸ். ஹைபிரிட் கார்களில் எஞ்சின் பாதி நேரம் ஓய்வில் இருப்பதால் கன்வெர்ட்டர் அதிகம் தேயாது, உலோகமும் கூடுதல். இந்தியாவிலும் 2021 முதல் குஜராத், மகாராஷ்டிரா பக்கங்களில் மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள் காணாமல் போகத் தொடங்கின. பொலிஸார் பிடித்து விசாரித்தபோது, திருடர்கள் தேடியது குழாயை அல்ல, உள்ளேயிருந்த கன்வெர்ட்டரின் தூளை என்று தெரிந்தது.

பிரியஸ், அக்வா, எக்ஸியோ, ஃபிட், வெசல் என்று ஹைபிரிட் கார்கள் இலங்கையில் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் மக்கள் இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்டினார்கள். அதனால் இன்று கராஜுக்கு வரும் ஹைபிரிட்களில் பல பத்து வயதைத் தாண்டியவை. கன்வெர்ட்டர் பிரச்சினை இப்போது இவ்வளவு கேட்கப்படுவதற்கு இந்த வயதும் ஒரு காரணம்.

இனி, கழற்றினால் வண்டி நன்றாக இழுக்கும் என்ற வாக்குறுதி. அடைபட்ட கன்வெர்ட்டரைக் கழற்றினால் இழுக்கத்தான் செய்யும், அடைப்பு போய்விட்டதல்லவா. நல்ல கன்வெர்ட்டர் ஒன்றை மாற்றிப் பூட்டினாலும் அதே அளவுக்கு இழுக்கும். இன்றைய கன்வெர்ட்டர்கள் புகையைத் தடுத்து நிறுத்தாத வகையில் செய்யப்பட்டவை; அடைப்பில்லாத பெட்டியைக் கழற்றுவதால் ஓட்டுநர் உணரக்கூடிய வலுவோ, பெற்றோலில் கணக்கு வைக்கக்கூடிய மிச்சமோ கிடைப்பதில்லை. அடைப்பு நீங்கியதால் வந்த சுகத்தைப் பெட்டி போனதால் வந்த சுகமாகக் காட்டுவது மிகப் பழைய விற்பனைத் தந்திரம்.

கழற்றிய பிறகு மஞ்சள் விளக்கு அணையாது. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஒட்சிசன் சென்சர்களையும் காரின் கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பின் சென்சர் சொல்வது முன் சென்சரைப் போலவே ஏறி இறங்கினால், நடுவில் வேலை நடக்கவில்லை என்று அது புரிந்துகொள்ளும். அதை ஏமாற்ற, பின் சென்சருக்கு ஒரு நீட்டுத் துண்டு பூட்டிப் புகையிலிருந்து விலக்கி வைப்பார்கள், அல்லது கணினியின் நிரலையே மாற்றுவார்கள். சிலர் விளக்கை எரியவிட்டுவிட்டு ஓட்டுவார்கள். நாளை ஒரு கொயில் பழுதாகி எஞ்சின் தடுமாறும்போதும் எரியப்போவது இதே விளக்குத்தான். நிரந்தரமாக எரியும் விளக்கை யாரும் கவனிப்பதில்லை.

இதைவிடப் பெரிய கவலை தரைக்கு அடியில் இருக்கிறது. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கன்வெர்ட்டர் இருந்தால் அதில் பெரும்பகுதி குழாயிலேயே எரிந்துவிடும். வெறும் பைப்பில் அப்படியே வரும். அந்தப் பைப்பை அவசரமாக ஒட்டிய வெல்டிங்கில் ஒரு கீறல் விழுந்து, கண்ணாடிகளை மூடி ஏசி போட்டு ஓடும்போது தரையின் ஓட்டைகள் வழியாக அது உள்ளே ஏறினால், பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைக்குத் தலைவலி எதனால் வந்தது என்றே தெரியாது. சுசுகி எவ்ரி போன்ற சிறிய பெற்றோல் வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. புகைக்குழாயும் ஆட்களுக்கு அடியிலேதான் போகிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன்களில் இத்தகையவையும் உண்டு.

வெளியே நடப்பதும் குறைவல்ல. ஏ7 வீதியின் ஓரத்தில் நடைபாதை இல்லாத இடங்கள் அதிகம். கொழுந்துக்கும் பால் வெட்டவும் போகிறவர்கள், சீருடையில் போகிற பிள்ளைகள், எல்லோரும் வாகனத்தின் வால்குழாய் உயரத்திலேதான் நடக்கிறார்கள். ஏற்றத்தில் எஞ்சின் பாரம் இழுக்கும்போது நைதரசன் ஒட்சைட்டுகள் அதிகமாக உண்டாகும். அவை மூச்சுக்குழாயை எரிக்கும். வெயிலில் ஐதரோகாபன்களோடு சேர்ந்து ஓசோனாகவும் மாறும். நுரையீரலுக்கு ஆகாத அந்த ஓசோன் இயற்கை ரப்பரையே வெடிக்கச் செய்யும் என்பது ரப்பர் நாட்டில் பிறந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. டயர் செய்பவர்கள் அதற்கென்றே ஒரு காப்பு இரசாயனம் கலக்கிறார்கள்.

"புகைப் பரிசோதனையில் பாஸாகிவிட்டதே" என்பார் பெட்டியைக் கழற்றியவர். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே பெற்றோல் வாகனத்தில் அளப்பது காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் மட்டுமே. அதுவும் வண்டி நின்ற இடத்தில், பாரமில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு. நைதரசன் ஒட்சைட்டு அந்தக் கணக்கில் இல்லை. நன்றாக ஓடும் ஓர் எஞ்சின் கன்வெர்ட்டர் இல்லாமலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடும். பிரித்தானியாவில் வருடாந்தப் பரிசோதனையில், தொழிற்சாலையில் பூட்டிய கன்வெர்ட்டர் காணாமல் போயிருந்தால் கருவியில் என்ன எண் வந்தாலும் வாகனம் தோல்விதான். இலங்கையும் அதைச் செய்ய வேண்டும். குழியில் இறங்கி, டோர்ச் அடித்து, பெட்டி இருக்கிறதா என்று பார்க்கப் புதிய இயந்திரம் எதுவும் வாங்கத் தேவையில்லை.

சரி, பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா? பணம் செலவழியும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அதிகம் தவிர்க்கப்படும் கேள்வியும் இதுதான். பி0420 என்ற குறியீடு, கன்வெர்ட்டரின் திறன் எல்லைக்குக் கீழே இருப்பதாகக் கணினிக்குத் தோன்றுகிறது என்று மட்டுமே சொல்கிறது. பின் சென்சர் கிழடாகியிருந்தாலும், கேஸ்கட் இடுக்கில் காற்று உள்ளே இழுபட்டாலும் இதே குறியீடு வரும். ஒரு நல்ல மெக்கானிக் பாஸ் முதலில் புகைக்குழாயில் கசிவைத் தேடுவார். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, ஸ்கேனரில் பின் சென்சரின் நேரடி அளவைப் பார்ப்பார். அது 0.6, 0.7 வோல்ட் அளவில் பெரிதாக அசையாமல் நின்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. அடைப்பு என்ற சந்தேகம் வந்தால் முன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பூட்டுவார். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது முள் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் போனால் வழி அடைபட்டிருக்கிறது. ரப்பர்ச் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலத்தால் செராமிக் உடைந்திருக்கிறது. இத்தனையும் பார்க்க ஒரு பகல் போதும்.

உண்மையிலேயே செத்திருந்தால், எதனால் செத்தது என்பது அடுத்தது. கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். எஞ்சின்தான் அதைக் கொல்கிறது. ஒரு பிளக்கோ கொயிலோ பழுதாகி எரியாத பெற்றோல் பெட்டிக்குள் போனால், அங்கே தீப்பற்றிச் செராமிக்கையே உருக்கிவிடும். எஞ்சின் ஒயில் குடித்தால் அதிலுள்ள பொஸ்பரஸ் ஊக்கியின்மேல் படியும். ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் எரிந்தாலும் கேடுதான். 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இது பெயர்போன நோய்: புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வழி கரியால் அடைபடும், பிறகு ஹெட் கேஸ்கட் போகும், கடைசியில் கன்வெர்ட்டர். இந்தச் சங்கிலியின் தலையைப் பிடிக்காமல் வாலில் மட்டும் புதிய பெட்டியைப் பூட்டினால், அதுவும் அதே வழியில் போய்ச் சேரும். வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். களனி ஆறு பெருகி வீதியில் ஏறும் மே மாதங்களை இந்தப் பக்கம் நன்றாக அறியும். நன்றாகச் சூடேறிய கன்வெர்ட்டர் திடீரென்று தண்ணீரில் மூழ்கினால் செராமிக் வெடித்துவிடலாம்.

பெற்றோலில் கலக்கும் மருந்தும், பெட்டியைக் கழுவித் தருகிறேன் என்பதும் பரவலாக விற்பனையாகின்றன. மேலே படிந்த கரி கொஞ்சம் போகலாம். உருகிய செராமிக்கும், பொஸ்பரஸ் மூடிய ஊக்கியும் எந்தத் திரவத்தாலும் திரும்பி வராது.

கையில் பணமில்லாதவர் என்ன செய்வது? அடைப்பு இல்லை, வண்டி நன்றாக இழுக்கிறது, குறியீடு மட்டும் வந்திருக்கிறது என்றால் அது அந்த வாரமே செலவழிக்க வேண்டிய வியாதி அல்ல. பிளக், கொயில், ஒயில், கூலன்ட், கசிவு ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டுப் பெட்டிக்காகச் சில மாதம் சேமிக்கலாம். பலவீனமான கன்வெர்ட்டரும் வெறும் பைப்பைவிட மேல். அடைபட்டிருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சின் மூச்சுவிட முடியாமல் சூடேறி, செலவு பல மடங்காகிவிடும்.

வாங்குவதில் மூன்று வழிகள் உண்டு. கம்பனிப் புதுச் சாமான் விலை அதிகம், ஆயுளும் அதிகம். வேறு நிறுவனங்கள் செய்யும் புதிய பெட்டிகள் மலிவு. மலிவின் இரகசியம் உள்ளே அரிய உலோகத்தைக் குறைத்துப் பூசியிருப்பது, அதனால் சில பெட்டிகள் சீக்கிரமே பி0420ஐத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். எழுத்தில் உத்தரவாதம் தராத கடையில் அதை வாங்கக் கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய பெட்டிதான் நம்மவர்களின் வழக்கமான தெரிவு. வாங்குமுன் இரு முனையிலும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துளைகள் முழுதாக, உருகாமல், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருக்க வேண்டும். உறையில் அறுத்து மறுபடி வெல்ட் செய்த தடம் இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். உறையில் பொறித்த எழுத்தும் எண்ணும் தன் காரின் மொடலுக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பட்டறையில் நிற்கும் இளைஞர்களையும் மறக்கக் கூடாது. கன்வெர்ட்டரை அறுக்கும்போது பறக்கும் செராமிக் தூளும், கட்டியைச் சுற்றியிருக்கும் நார்ப் பாயும் நுரையீரலுக்கு எதிரிகள். அந்தப் பாயில் பலகாலம் பயன்பட்ட செராமிக் நாரை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கிறது. சுத்தியலால் உடைத்துத் தூளைச் சாக்கில் கொட்டும் வேலையைச் செய்பவர்கள் முகத்தில் கைக்குட்டைகூடக் கட்டுவதில்லை. உலோகத்தின் இலாபம் போகும் கைகள் வேறு; தூள் போகும் நெஞ்சு இவர்களுடையது.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இன்றைக்கே காரின் அடியில் கன்வெர்ட்டரையும் அதில் பொறித்த எண்ணையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்விஸுக்குக் கொடுத்து வாங்கும்போது அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாராவது 'இலவசமாகவே கழற்றித் தருகிறேன்' என்றால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் புதிய பெட்டியின் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள், அதற்கு விலை உண்டு, அந்த விலை புதியதன் செலவில் கழிய வேண்டும். பாடசாலை வேனில் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், வேன் பெற்றோலில் ஓடுவதென்றால் அதன் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் ஒருமுறை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காட்டுவது அவர் கடமை.